அலாஸ்கா காட்டுக் குடிலில அப்பாவின்ர இன்சுலின்: தெரிஞ்சவை சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். கனடாவில இருக்கிற தம்பி ஜூலையில அப்பாவையும் என்னையும் அலாஸ்காவின்ர டொங்காஸ் காட்டுக்குள்ள ஒரு குடிலுக்குக் கூட்டிப்போறான். ரோட்டே இல்லை, கெச்சிக்கன் எண்ட ஊரில இருந்து மிதவை விமானத்தில போய் ஏரியில இறங்கோணும். கரண்ட் இல்லை, படுக்கை வெறும் பலகை, தண்ணி காய்ச்சித்தான் குடிக்கோணும். அதெல்லாம் சமாளிப்பம். (கரடி மணம் பிடிக்கும் எண்டு அம்மா கட்டித் தந்த கருவாட்டை மட்டும் வேண்டாமெண்டிட்டன்.)

என்ர கவலை அப்பாவின்ர இன்சுலின். மூடுபனி இறங்கினா விமானம் வராது, குறிச்ச நாளைத் தாண்டியும் நிக்கவேண்டி வரும். அதால கூடுதலாக் கொண்டுபோகோணும். திறக்காத இன்சுலின் பேனாக்கள் (மருந்து நிரப்பின, பேனா மாதிரி ஊசிகள்) 2 முதல் 8 பாகை செல்சியஸில இருக்கோணும், உறைஞ்சாலும் பாவிக்கேலாது. ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில ஆரும் வைச்சுப் பாவிச்சிருக்கிறியளோ? தண்ணியில ஊறவைச்சுப் பாவிக்கிற குளிர்ப்பை கொழும்பில எந்தப் பக்கம் வாங்கலாம்? அப்பாவுக்கு இந்தப் பயணம் பெரிய ஆசை, தயவுசெய்து சொல்லுங்கோ.