வாக்குப்பதிவுக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்கள்

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி கென்யாவின் கெரிச்சோவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். 2027 ஆகஸ்டில் அங்கே பொதுத்தேர்தல் வருகிறது என்று கேள்விப்பட்ட அவருடைய தாயார், "நீங்கள் இருந்தபோது கலவரம் வந்ததே, எப்படித் தப்பித்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். 2007 டிசம்பர் தேர்தலின்போது நான் அங்கே இருந்தேன். அந்த அம்மாவிடம் பாதி மட்டும் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

கெரிச்சோ ஊட்டியைப் போலவே 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. தேயிலைச் சரிவு, அடுப்புக்கு வளர்க்கும் கற்பூர மரம், பிற்பகல் மழை என்று எல்லாமே நம் மலையைப் போலத்தான் தோன்றும். அந்தத் தோற்றம்தான் என்னை அசட்டையாக இருக்க வைத்தது. டிசம்பர் 27 அன்று மக்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று அமைதியாக வாக்களித்ததைப் பார்த்து, ஆபத்து கடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் ஆபத்து அதன்பிறகுதான் தொடங்கியது. எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போனது; முதலில் முன்னிலையில் இருந்த எதிர்க்கட்சி வேட்பாளர் ஒடிங்காவின் வாக்கு வித்தியாசம் குறைந்துகொண்டே வந்து, 30ஆம் தேதி மாலை அப்போதைய அதிபர் கிபாகியே வென்றதாக அறிவித்து, அன்று மாலையே அவசரமாகப் பதவிப் பிரமாணமும் செய்துவைத்தார்கள். நேரலை ஒளிபரப்புக்குத் தடை விதிக்கப்பட்டதால், அதற்குப்பின் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கைப்பேசியில் வந்த வதந்திகள் மட்டுமே.

என் குவார்ட்டர்ஸில் அன்றிரவு இருந்தது இரண்டு கிலோ அரிசி, பாதி தீர்ந்த கேஸ் சிலிண்டர், ஓர் அழைப்புக்குக்கூடப் போதாத கைப்பேசி இருப்பு. கடைகள் மூடிவிட்டன, ரீசார்ஜ் அட்டை கிடைத்த இடத்திலும் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். ஜனவரி 1 அன்று எல்டொரெட் அருகே தேவாலயத்துக்குத் தீ வைக்கப்பட்ட செய்தியை என் அம்மா இங்கே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மூன்று நாட்கள் என் குரலைக் கேட்காமல் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். அதற்கு நான் இன்றுவரை வருந்துகிறேன். நூறு ஷில்லிங் அட்டைகள் நான்கை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அந்த மூன்று நாட்கள் அவருக்கு நேர்ந்திருக்காது.

ஒருநாள் டீசலுக்காக ஓட்டுநருடன் வெளியே போனோம். போயிருக்கக் கூடாது. திருப்பத்தில் கற்பூர மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பங்கா எனப்படும் நீண்ட வெட்டுக்கத்தியோடு நின்ற இளைஞன் ஒருவன் ஓட்டுநரின் அடையாள அட்டையை வாங்கி, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவியபடி மெதுவாகப் படித்தான். அந்தக் கலவரத்தில் இனம் பார்த்துத்தான் தாக்கினார்கள்; அங்கே பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் எந்த இனம் என்று தெரிந்துவிடும். ஓட்டுநர் உள்ளூர்க் கிப்சிகிஸ் இனத்தவர் என்பதால் அட்டை திரும்பி வந்தது. என்னைப் பார்த்து "முஹிந்தி" என்றான், அதாவது இந்தியன், போகச் சொன்னான். நான் எந்தப் பக்கமும் இல்லாதவன் என்பதாலேயே தப்பினேன். என் சாமர்த்தியம் அதில் எதுவும் இல்லை.

எங்கள் பாய்லர்க்காரருக்கு அந்த வழி இல்லை. அவர் வெளியிலிருந்து வந்த கிசி இனத்தவர். தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் விட்டுவிடலாம் என்று நான் துடித்தபோது, அதே ஓட்டுநர்தான் கையைப் பிடித்துத் தடுத்து, "மரம் போட்ட இடத்தில் அவரை இறக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காவல்துறைக் காவலோடு லாரி வரும்வரை தொழிற்சாலைக்குள்ளேயே அவர்களைத் தங்க வைத்தோம். வெளிநாட்டில் நம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது. உள்ளூர் மனிதர் ஒருவரின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அந்தக் கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கோஃபி அன்னான் நடுவராக இருந்து பேசி, பிப்ரவரி 28 அன்று உடன்பாடு ஏற்பட்டது. அதுவரை நான் தோட்டத்தை விட்டு வெளியே போகவில்லை.

கூடலூரிலிருந்து:

அண்ணா, உங்கள் அம்மா சாப்பிடாமல் கிடந்ததைப் படித்ததும் என் அம்மா சொன்னதை எழுதத் தோன்றியது. நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப்பின் எங்கள் தாத்தாவுக்கு இலங்கையில் நாடும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆனாலும் 1977 ஜூலை 21 தேர்தல் முடிந்த மறுமாதமே கலவரம் இரத்தினபுரிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. ஓட்டே போடாதவர்களின் லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அம்மா இரண்டு இரவுகள் தேயிலைச் செடிகளுக்கு இடையில் படுத்திருந்தாராம். அப்போது அவர் இடுப்பில் கட்டியிருந்தது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி கிடைத்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வைத்த டால்டா டின். அந்தக் காகிதங்கள் எரிந்திருந்தால் தலைமன்னாரில் கப்பல் ஏறியிருக்கவே முடியாது, டான்டீ என்னும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் கிடைத்திருக்காது என்று இன்றும் சொல்வார். போகிற தம்பி தன் பாஸ்போர்ட்டை நிறுவனத்தின் அலமாரியில் கொடுத்து வைக்காமல் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். நகல் ஒன்று அவர் அம்மாவிடம் இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து:

நான் 2017இல் மொம்பாசாவில், தேயிலை ஏலம் சார்ந்த வேலையில் இருந்தேன். ஆகஸ்ட் 8 வாக்குப்பதிவு முடிந்தால் போதும் என்று கணக்கிட்டு விடுமுறையை முடித்துத் திரும்பினேன். செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தலையே செல்லாது என்று தீர்ப்பளித்தது, அக்டோபர் 26 அன்று மறுதேர்தல் நடந்தது. 2022இல் பெரிய கலவரம் இல்லை. ஆனாலும் ஆகஸ்ட் 9 வாக்குப்பதிவிலிருந்து, முடிவை எதிர்த்த வழக்கு முடிந்த செப்டம்பர் 5 வரை நான்கு வாரங்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தம்பியின் வேலை அனுமதிச் சீட்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ காலாவதியாகும்படி இருந்தால் இப்போதே முதலாளியிடம் பேசி மாற்றிக்கொள்வது நல்லது. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே நைரோபியில் உள்ள நம் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் கேட்டால், "எனக்கு இங்கே ஓட்டு இல்லை" என்று சொல்லிவிட்டால் போதும். நான் இரண்டு தேர்தல்களிலும் அப்படித்தான் சொன்னேன், யாரும் கோபப்படவில்லை.