ஒன்பது மடங்கு என்பது எந்தக் கணக்கு?

அலைவழி: நுண்ணலையைப் பெருக்கும் குழாயான கிளைஸ்ட்ரானோடு, ஆற்றலைத் தேக்கும் உலோகக் குழிகளான ரெசொனேட்டர்கள் இரண்டை மாட்டினால் அதன் திறன் துடிப்பு முழுவதும் ஒன்பது மடங்காகும் என்று மின்னோன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஸ்டான்போர்டில் 1974-இல் ஃபார்க்கஸ், ஹாக், வில்சன் உள்ளிட்டோர் அறிவித்த ஸ்லெட் (SLED) முறையில், அதாவது குழியில் தேக்கிய ஆற்றலை அலையைப் புரட்டிச் சட்டென வெளியே எடுக்கும் முறையில், பின்னாளில் கிளைஸ்ட்ரான் 3.5 மைக்ரோ விநாடி ஆற்றலைத் தர, அதன் கடைசி 0.8 மைக்ரோ விநாடிதான் பயன்பட்டது. ஆற்றல் முழுதும் அந்த 0.8-க்குள் அடங்கினாலும், 3.5-ஐ 0.8-ஆல் வகுத்தால் சராசரியாக 4.4 மடங்குதான் வருகிறது. ஒன்பது எங்கிருந்து வந்தது?

மின்னோன்: அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்க நிலையை, 180 பாகை புரட்டியதும், குழியிலிருந்து வெளிவரும் இரண்டு அலகு புலமும் கிளைஸ்ட்ரானின் ஓர் அலகும் சேர்ந்து மூன்றாகின்றன. திறன் என்பது புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; மூன்றின் வர்க்கம் ஒன்பது. பள்ளிக் கணக்கு.

அலைவழி: அந்த இரண்டு அலகு, இழப்பே இல்லாத குழியை முடிவின்றி நிரப்பினால் கிடைப்பது. தரக்காரணி (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) ஒரு லட்சமும் இணைப்புக்கெழு (வெளிவழியோடு குழி எவ்வளவு இணைந்துள்ளது என்பதன் அளவு) ஐந்தும் கொண்ட குழியை 2856 மெகாஹெர்ட்ஸில் 2.7 மைக்ரோ விநாடி நிரப்பிப் போட்டுப் பாருங்கள்: உச்சம் ஐந்து மடங்கைச் சற்றே தாண்டும், 0.8 மைக்ரோ விநாடி முடிவதற்குள் ஒன்றரை மடங்காகச் சரிந்துவிடும். அலைக்காட்டியில் நான் கண்ட வடிவமும் அதுதான்: கட்டம் புரண்ட இடத்தில் ஊசிமுனையாய் ஓர் எழுச்சி, உடனே சரிவு.

தூண்டல்: இருவரும் ஒன்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ரஷ்யாவின் தோம்ஸ்க் நகர ஆய்வாளர்கள் குழியை நிரப்பி, வாயு மின்னிறக்கத்தால் (வாயுவில் மின்சாரம் பாயச் செய்து) வாயிலைத் திறந்து, சில நானோ விநாடிகளிலேயே காலிசெய்தார்கள். அங்கே ஒன்பது ஒரு வரம்பே அல்ல.

அலைவழி: அது வேறு முறை, ஐயா. கட்டம் புரட்டும் முறையைப் பற்றிய பேச்சில் மின்னிறக்க வாயிலைக் கொண்டுவருவது போன மாதமும் நீங்கள் செய்த வேலைதான்.

தூண்டல்: போன மாதம் நான் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. ரெசொனேட்டரில் ஆற்றலைத் தேக்கி விரைவாக எடுப்பது இரண்டுக்கும் பொதுவானது.

மின்னோன்: வரம்பு ஒன்பது என்பதை இருவரும் மறுக்கவில்லை என்று குறித்துக்கொள்கிறேன்.

அலைவழி: நீங்கள் எழுதியது வரம்பு என்றல்ல, துடிப்பு முழுவதும் என்று. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

மின்னோன்: மூன்றின் வர்க்கம் மாறும் நாளில் பெறுகிறேன்.

அலைவழி: 0.8 மைக்ரோ விநாடிக்கும் ஒன்பது மடங்கு கிடைத்தால், கிளைஸ்ட்ரான் தந்ததைப் போல இரு மடங்கு ஆற்றல் வெளிவந்திருக்க வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.