கவுன்டியில் பத்திரத்தை ‘ரெக்கார்ட்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்?

சான் ஓசேயிலிருந்து, திங்கள் இரவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வரும் சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம். கலிபோர்னியாவில் எங்கள் மாவட்டமான சாந்தா கிளாரா கவுன்டியின் அலுவலகத்தில் உங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடுவது எப்படி, புதுப் பத்திரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் பாடம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்கள். நாலு பக்கக் கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகவேண்டும்.

ஒரே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். கவுன்டியில் நடப்பது ‘ரெக்கார்டிங்’. அதைப் ‘பதிவு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மாமியார், “சரி, சார்பதிவாளர் முன்னால் போய்க் கைரேகை வைக்கவேண்டும், அப்போதுதான் வீடு நம்முடையது, அதுதானே?” என்று கேட்டார். இரண்டுமே இல்லை. இங்கே கையெழுத்து நோட்டரி முன்னால். பெருவிரல் ரேகை அவருடைய குறிப்பேட்டோடு நின்றுவிடும். பத்திரத்தை அலுவலகத்துக்குத் தபாலில்கூட அனுப்பலாம். அவர்கள் படமெடுத்து, எண்ணும் தேதியும் நேரமும் இட்டு, பெயரைக் கொண்டு தேடும் பட்டியலான பெயர்ச் சுட்டியில் சேர்த்துவிட்டு மூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, ‘பதிவு’ என்றே போடுங்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாளிலிருந்து பத்திரப்பதிவு என்பது கிழவி முதல் குழந்தை வரை அறிந்த சொல். அதை விட்டு வேறொன்றைச் செதுக்கினால் உங்கள் மாமியார் அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுவார்.

பதிவு என்றால் அரசு உரிமையைச் சரிபார்த்துவிட்டது என்று பொருளாகும் என நீங்கள் அஞ்சினால், அது நம் ஊரிலும் தவறான எண்ணந்தான். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கி, தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏவின் முதல் பகுதியைச் செல்லாததாக்கியது. அங்கும் இங்கும் ஏடு ஏடுதான். சொல்லை மாற்றவேண்டாம், விளக்கத்தைக் கூட்டுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து, செவ்வாய் மதியம்

மதுரை ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறுபாடு உரிமையைச் சரிபார்ப்பதில் இல்லை, பத்திரத்துக்கு எப்போது உயிர் வருகிறது என்பதில் இருக்கிறது.

இந்தியாவில் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தைப் பதியாமல் விற்கமுடியாது. பதிவில்தான் கைமாற்றம் நிறைவேறுகிறது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அப்படி இல்லை. நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதினால் காணி கைமாறிவிடும். 1840ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் கேட்பது அவ்வளவுதான். பிறகு காணிக் கந்தோரில், அதாவது நிலப்பதிவு அலுவலகத்தில், அதைப் பதிகிறோம். ஏன்? அதே ஆள் அதே காணியை இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்து, அவர் முந்திப் பதிந்துவிட்டால் நாங்கள் தோற்றுப்போவோம். பத்திரத்தை நாங்கள் உறுதி என்போம். பதியாத உறுதியும் உறுதிதான், ஆனால் காவல் இல்லாத உறுதி.

கலிபோர்னியாவிலும் இதே ஏற்பாடுதான். சிவில் சட்டம் 1217ஆம் பிரிவின்படி, ஏட்டில் ஏறாத பத்திரமும் எழுதிக்கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும். 1214ஆம் பிரிவின்படி, முந்திய விற்பனை தெரியாமல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கி, முதலில் ஏட்டில் ஏற்றியவர் வெல்வார். ஆகவேதான் தேதியோடு நேரத்தையும் இடுகிறார்கள். உங்கள் மாமியாருக்கு யாழ்ப்பாணத்து நிலைதான் பொருந்தும், தமிழ்நாட்டு நிலை பொருந்தாது.

என் பரிந்துரை ‘தோம்பில் ஏற்றுதல்’. தோம்பு என்றால் காணி ஏடு. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் காணித் தோம்புகள் எங்களுக்கு இன்றும் சான்று. பிறமொழிச் சொல்தான், ஆனால் நானூறு ஆண்டு எங்கள் மண்ணில் புழங்கியது.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் இரவு

தோம்பு எதற்கு? சோழர் கல்வெட்டில் ‘ஆவணக்களரி’ என்று துலக்கமாக இருக்கிறதே. ஊரார் நிலவிலை ஆவணங்களைக் கொண்டுவந்து காட்டி உறுதிப்படுத்திய இடம். நிலத்தை அரசு ஏட்டில் சேர்ப்பதற்கு ‘வரியிலிடுதல்’ என்ற வினையும் உண்டு. நில விற்பனைக் கல்வெட்டுகளில், இதுவே விலையோலை, இதைத் தவிர வேறு ஓலை காட்டவேண்டியதில்லை என்று முடிக்கும் வாய்பாட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

பெரியபுராணத்தை நினைத்துப்பாருங்கள். சுந்தரர் தமக்கு அடிமை என்று முதியவர் ஒருவர் கொண்டுவந்த ஓலையை, மணப்பந்தலில் சுந்தரர் கிழித்துவிடுகிறார். முதியவர் கலங்கவில்லை, மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார். வெண்ணெய்நல்லூர் அவையோர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். படி, மூலம், காப்பு, ஒப்புநோக்கல்: சான் ஓசே அம்மா கேட்கும் கலைச்சொற்கள் அத்தனையும் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

இன்னொன்று. ஆவணம் என்றால் பத்திரம், உரிமை, கடைத்தெரு. மூன்று பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்தன? பலர் பார்க்கக் கடைவீதியில் நடந்த விற்பனையே உரிமையாயிற்று, அதன் எழுத்தே ஆவணமாயிற்று என்பது என் துணிபு. ஊரறியச் செய்வதுதானே கவுன்டி வேலையும்? ஆகவே ‘ஆவணமேற்றல்’. அலுவலகத்துக்கு ‘ஆவணக்களரி’.

கோயம்புத்தூரிலிருந்து, புதன் காலை

தஞ்சை அண்ணா, கடைத்தெருவைக் குறிக்கும் ஆவணம் வடமொழி ஆபணத்தோடு சேர்ந்தது என்பார்கள். பத்திரத்தைக் குறிப்பது அதே சொல்தானா என்பதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிரச் சான்று வேண்டும். அடுத்தது, நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். களரி என்று சொன்னால் பிள்ளைகள் வாள்பயிற்சி என்றுதான் நினைப்பார்கள்.

‘ஏடேற்றம்’ என்று வைத்தால் என்ன? குடியேற்றம், கொடியேற்றம், அரங்கேற்றம் போல. அரங்கேற்றத்துக்கு முன்பே பாட்டு பாட்டுதான், அரங்கேறிய பின் அவையறிந்த பாட்டு. ஸ்காபரோ அண்ணா சொன்ன வேறுபாடு இதற்குள் வந்துவிடுகிறது.

மதுரையிலிருந்து, புதன் மதியம்

ஏடு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமைப் புணர்ச்சியில் டகரம் இரட்டவேண்டும். நாடு + எல்லை நாட்டெல்லை, வீடு + உரிமை வீட்டுரிமை. ஏட்டில் ஏற்றுவது என்றால் ‘ஏட்டேற்றம்’. புதுச்சொல் படைக்கும்போதே நன்னூலை மீறலாமா?

கோயம்புத்தூரிலிருந்து, புதன் மாலை

இரட்டவேண்டும் என்று சொல்லும் அந்த நன்னூல் நூற்பாவிலேயே ‘மிகவே’ என்று இருக்கிறதே, ஐயா. பெரும்பாலும் இரட்டும், எப்போதும் இல்லை. வீடேறினான் என்று சொல்கிறோம், வீட்டேறினான் என்று சொல்வதில்லை. நாடாளுமன்றத்தை எந்த ஆசிரியரும் நாட்டாளுமன்றம் என்று திருத்தியதில்லை.

சான் ஓசேயிலிருந்து, புதன் இரவு

சண்டைக்கு நடுவில் நடைமுறைக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேடுவது பற்றிய பக்கத்தில் ஒரு சொல் தானாகவே அமைந்துவிட்டது. இங்குள்ள சுட்டிக்கு ‘எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் சுட்டி’ என்று போட்டேன். வில்லங்கச் சான்றில் பார்த்துப் பழகிய சொற்கள், யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஆனால் தேடல்தான் நம்மவர்களை அழவைக்கிறது. ஊரில் சர்வே எண்ணைக் கொண்டு தேடுவோம். இந்தச் சுட்டியில் பெயரைக் கொண்டுதான் தேடவேண்டும். நம் பெயருக்கோ குடும்பப்பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசியில் ஏறியிருக்கும், ஆகவே வீடு அப்பா பெயரில் கிடக்கும். மனைவியின் வீடு அவருடைய அப்பா பெயரில். முன்னெழுத்து ஒருமுறை விரிந்திருக்கும், ஒருமுறை சுருங்கியிருக்கும். போன மாதம் ஒரு பெரியவர் தம் பத்திரம் காணாமல் போய்விட்டது என்று பதறி வந்தார். காலமான அவர் தந்தையின் பெயரைத் தட்டியதும் வந்துவிட்டது. அவர் கண் கலங்கியது. பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

வில்லங்கச் சான்றுக்கு இணையாக இங்கே கவுன்டி எதுவும் தருவதில்லை என்பதையும் எழுதினேன். அதை உரிமைக் காப்பீட்டு நிறுவனங்கள் தேடித் தொகுத்துத் தருகின்றன.

சன்னிவேலிலிருந்து, புதன் நள்ளிரவு

அக்கா, ஏட்டில் ஏறுவது எல்லாம் உண்மை என்றோ நியாயம் என்றோ யாரும் எண்ணிவிடக்கூடாது. எங்கள் வீடு 1940களில் கட்டியது. பழைய ஆவணங்களை வாங்கிப் படித்தபோது, வெள்ளையர் அல்லாதார் வேலைக்காரராக அன்றி இங்கே குடியிருக்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. என் மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித்தரக் கூடாது என்றது. ஆனாலும் எழுத்து ஏட்டில் கிடந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கலிபோர்னியாவின் கவுன்டிகள் இவற்றைத் தேடி மறைக்கத் தொடங்கின. சாந்தா கிளாராவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களின் கணினிக் கருவி 50 லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களை அலசியது. அந்த வரிகளை மறைத்த நகல்தான் பொதுமக்களுக்கு, மூலம் தனியே காப்பில் இருக்கும். தஞ்சை ஐயா சொன்ன ‘காப்பு’ இதற்கு அழகாகப் பொருந்துகிறது.

போலிப் பத்திரமும் அப்படித்தான். வடிவம் சரியாக இருந்து கட்டணமும் கட்டினால், சட்டப்படி செல்லாது என்று காரணம் காட்டி அலுவலகம் அதைத் திருப்பமுடியாது. ‘பதிவு’ என்ற சொல் நம் பெரியவர்களுக்கு வீண் நம்பிக்கையைக் கொடுக்கும். நான் ஏடேற்றத்துக்கு.

ஸ்காபரோவிலிருந்து, வியாழன் காலை

நானும் ஏடேற்றத்துக்கு. தோம்பை விட மனம் இல்லை, ஆனால் சான் ஓசேயில் அதைப் புரிந்துகொள்ள இன்னொரு கையேடு வேண்டியிருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் காலை

வினைக்கு ஏடேற்றம் இருக்கட்டும். அலுவலகத்துக்கு ஆவணக்களரி என்பதைக் கைவிடமாட்டேன். வாள்பயிற்சிதான் நினைவுக்கு வருமென்றால் பிள்ளைகளுக்குக் கல்வெட்டைக் காட்டுங்கள்.

சான் ஓசேயிலிருந்து, வியாழன் மாலை

அச்சுக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் ‘ஏடேற்றம்: பத்திரத்தைக் கவுன்டி ஏட்டில் சேர்த்தல். இது ஊரில் செய்யும் பத்திரப்பதிவு அல்ல’ என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறேன். அலுவலகத்தைக் ‘கவுன்டி ஆவண அலுவலகம்’ என்றே விட்டுவிட்டேன், தஞ்சை ஐயா மன்னிக்கவேண்டும். எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து, வியாழன் இரவு

ஏட்டேற்றம் என்றாவது போட்டிருக்கலாம். அம்மா, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். கையேட்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, நாளைக்குக் கவுன்டியில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அவர் வாயில் என்ன சொல் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.