ஏர் ரைஃபிள் பெல்லட்டை (ஈயக் குண்டை) எடை போட்டுப் பிரித்தும் குரூப் (குண்டுகள் விழும் பரப்பு) சுருங்கவில்லை, எங்கே தப்பு?

காரைக்குடிக்காரன்:
வணக்கம். ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். பயிற்சி எங்கள் பழைய வீட்டில்தான். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேராக இருப்பதால் தூரம் தாராளம். (பின்கதவைப் பூட்டி, அப்பத்தா எனக்குப் பின்னால் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சுடுவேன்.)

10-ஆம் வளையம் அரை மி.மீ. புள்ளி. எனக்கோ, மூட்டையில் தாங்கிச் சுட்டும் குண்டுகள் மேலும் கீழுமாக 2 மி.மீ. விரிகின்றன, பக்கவாட்டில் விலகலே இல்லை. பெல்லட் எடைதான் காரணம் என்று, சித்தப்பா கடையிலிருந்து வைரம் நிறுக்கும் கேரட் தராசை வாங்கிவந்து 500-ஐயும் நிறுத்தேன். 0.53 கிராம், அதாவது 2.65 கேரட் வர வேண்டும். 2.62 முதல் 2.67 வரை வந்தது. இரண்டு ராத்திரி போனதுதான் மிச்சம்.

வைகைக்கரை:
தராசை எங்கே வைத்தீர்கள்? வளவில் என்றால் முற்றத்துக் காற்றே ஆட்டிவிடும். ஒரே பெல்லட்டைப் பத்து முறை நிறுத்துப் பாருங்கள். அப்புறம், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காரைக்குடிக்காரன்:
ஒரே பெல்லட் 2.63, 2.66 என்று காட்டுகிறது! கண்ணாடி மூடியைத் திறந்தே வைத்திருந்தேன், மேலே மின்விசிறி வேறு.

பழைய கை:
தம்பி, தராசு சரியாக இருந்தாலும் பெரிய லாபமில்லை. வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரில் 17 மி.மீ. இறங்கும். எடை 1 சதவீதம் மாறினால் வேகம் அரை சதவீதம்தான் மாறும், இறக்கத்தில் 0.2 மி.மீ. கூட வராது. 2 மி.மீ. என்றால் வேகமே 5 சதவீதம் குறைய வேண்டும். அது குண்டைத் தள்ளும் காற்றழுத்தத்தின் வேலை. கீழே விழுபவை எத்தனையாவது குண்டுகள்? காற்றுச் சிலிண்டரின் அழுத்த முள் எங்கே நிற்கிறது?

தோட்டா ரைஃபிள்காரர்கள் வெடிமருந்தை நிறுத்துத் தாங்களே நிரப்புவார்கள் (நம் நாட்டில் அதற்கு உரிமம் வேண்டும்). நமக்குத் தேர்ந்தெடுக்கிற வேலை மட்டும்தான். எடையை விட பெல்லட்டின் தலை அளவைப் பாருங்கள்: 4.49, 4.50, 4.51 மி.மீ. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். ரைஃபிளை வைஸில் (பிடிகருவியில்) இறுக்கி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு போடுங்கள். பிடித்தது கிடைத்தால் அதே பேட்ச்சில் மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

காரைக்குடிக்காரன்:
அண்ணே, கடைசிக் குண்டுகள்தான் கீழே விழுந்திருக்கின்றன. முள் 60 பாரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைப்பம்பு அடிக்கச் சோம்பல். 200 பார் ஏற்றி, வைஸில் வைத்துச் சுட்டேன். மேல்கீழ் விரிவு போய்விட்டது. 4.50-இல் பத்தும் ஒரே ஓட்டை, 4.51 கொஞ்சம் சிதறுகிறது.

தாங்கு இல்லாமல் தோளில் வைத்துச் சுட்டால் நாலாபக்கமும் விரிகிறது. அது பெல்லட் குற்றமில்லை என்று எனக்கே தெரிகிறது. தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.