அம்மாவின் பிரஷர் குளிசையும் முழங்கால் நோவும்

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 68 வயது. மூன்று வருடமாகக் காலையில் பிரஷருக்கு லொசார்டன் 50 மில்லிகிராம் எடுக்கிறா. போன வாரம் முழங்கால் நோவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கி, நாளுக்கு இரண்டு போட்டிருக்கிறா. 130இல் நின்ற பிரஷர் நேற்று 164. தலையணைக்குக் கீழே லொசார்டன் அட்டையைப் பார்த்தேன், மூன்று நாள் குளிசை பிரிக்காமலே கிடந்தது. "எழும்பினா தலை சுத்துது பிள்ளை, அதான் விட்டனான்" என்கிறா. விட்டதைச் சேர்த்துக் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி:
சேர்த்துக் கொடுக்கவே கூடாது தங்கச்சி. பிரஷர் சடாரென்று இறங்கி விழுந்துவிடுவா. வழமையான ஒன்றை மட்டும் கொடுங்கோ. டைக்ளோபெனாக்கை இன்றே நிறுத்துங்கோ. அது உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கிப் பிரஷரை ஏற்றும், லொசார்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நோவுக்குப் பரசிட்டமோல் பரவாயில்லை, அதையும் டொக்டரிடம் கேட்டுவிட்டு. கட்டிலில் கொஞ்சம் இருந்து, பிறகு எழும்பச் சொல்லுங்கோ.

நிலாவெளித் தம்பி:
அக்கா, அம்மா இளநீர் குடிக்கிறவவா? லொசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் கூட்டும், இளநீரிலும் அது நிறைய. என் அப்பாவுக்குப் பொட்டாசியம் அளவுக்கு மிஞ்சிக் கூடியிருந்தது இரத்தப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது.

உப்புவெளி மகள்:
ஓம் தம்பி, இந்த வெயிலுக்குத் தினமும் இரண்டு! சரி, நாளைக்கே இரண்டு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக் போகிறோம். பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி:
நெஞ்சு நோவு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் விறைப்பு என்றால் நாளைவரை காத்திருக்காதீங்கோ. அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கோ.