செம்பனை நார் கூடக் கூடத் தட்டு ஏன் உடைகிறது?

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்:

வணக்கம். தோட்டத்துப் பழைய லயங்களுக்குப் பின்னால் சிறிய ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி மூடி, மோட்டார் சைக்கிள் மட்காட் என இதுவரை எல்லாம் கண்ணாடி இழைப் பாயில்தான். இப்போது உதிரிப் பழம் அள்ளும் தட்டுகளைச் செம்பனை வெற்றுக்குலை (பழத்தை உதிர்த்தபின் எஞ்சும் குலை) நாரில் செய்து பார்க்கிறேன். ஆலையில் மலையாகக் குவிந்து கிடக்கும் நாருக்கு லோரிக் கூலி மட்டுமே செலவு என்பதால், நாரைக் கூட்டினால் ரெசின் (நாரைப் பிணைத்து இறுகும் பாலியெஸ்டர் பிசின்) மிச்சமாகும், பலமும் ஏறும் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் சோதனை வேறு கதை சொல்கிறது. 3 செ.மீ. அகலப் பட்டைகளை 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு செங்கற்களின் மேல் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, ஒடியும்வரை மணல் கொட்டினேன். வெறும் ரெசின் 14 கிலோவில் ஒடிந்தது. எடையில் 10 விழுக்காடு நார் சேர்த்ததும் 11 கிலோவுக்கு இறங்கியது. 20 விழுக்காட்டில் 15, 30இல் 13, 40இல் வெறும் 8 கிலோ. உடைந்த வாயில் நார்கள் துடைப்பம் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. நகத்தால் ஒன்றை இழுத்தால் ரெசின் துளியும் ஒட்டாமல் வழுவழுவென்று வருகிறது. ஓர் இரவு தண்ணீரில் போட்டதில் ஓரங்களும் உப்பிவிட்டன. கண்ணாடிப் பாயில் 30 விழுக்காடு வைத்துப் பழகியவன் நான். இங்கே எங்கே தவறினேன்?

கடலோரத்தான், பாரிட் புந்தார்:

ரெசின் சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, அண்ணே. இறுக வைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

கூடத்து ஊழியர், காஜாங்:

ஹார்டனரில் கை வைக்க வேண்டாம், தம்பி. ரெசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு போதும். அதைத் தாண்டினால் கலவை அளவுக்கு மீறிச் சூடேறி உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடும். வெறும் ரெசின் 14 கிலோ தாங்கியதே அது ஒழுங்காக இறுகியிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

உங்கள் கேள்வியின் முடிச்சு, கண்ணாடிப் பாயில் 30 விழுக்காடு வைத்துப் பழகியதாகச் சொன்ன வரியில் இருக்கிறது. கண்ணாடி இழையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.55 கிராம், இறுகிய பாலியெஸ்டர் ரெசினுடையது 1.2. ஆகவே எடையில் 30 விழுக்காடு கண்ணாடி என்பது கன அளவில் 17 விழுக்காடுதான். நாரின் கெட்டிப் பகுதியின் அடர்த்தியை 1.4 என்று வைத்தால், அதே 30 விழுக்காடு எடை கன அளவில் 27 விழுக்காட்டை அடைத்துக்கொள்கிறது. போதாததற்கு நார் பஞ்சு போல உப்பி நிற்பதால், அத்தனையையும் நனைக்க ரெசின் எட்டுவதில்லை. தராசில் ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் அச்சுக்குள் நீங்கள் திணித்தது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

10 விழுக்காட்டில் பலம் இறங்கியதும் வியப்பில்லை. ரெசின் விரிசல் விடும்போது சுமையை வாங்கிக்கொள்ளப் போதிய நார் அங்கே கிடையாது. அதுவரை ஒவ்வொரு நார் நுனியும் விரிசல் தொடங்க வசதியான இடமாகத்தான் இருக்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகுதான் நார் பாரம் சுமக்கத் தொடங்கும். நாருக்கும் ரெசினுக்கும் இடையே பிடிப்பு சுமாராக இருந்தாலும் விறைப்பு நார் அளவோடு ஏறிக்கொண்டே போகலாம், பலம் அப்படி ஏறாது. தட்டு கைக்கு விறைப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

40 விழுக்காட்டுப் பட்டையின் நீளம், தடிமன், எடை மூன்றையும் அளந்து சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

நீளம் 25 செ.மீ., எடை 46 கிராம். மற்றவை 5 மி.மீ. தடிமன்; இது மட்டும் அழுந்த மறுத்து 6 மி.மீ.யில் நின்றுவிட்டது.

கூடத்து ஊழியர்:

அப்படியானால் நிலைமை நீங்கள் நினைத்ததைவிட மோசம். வளையும்போது பட்டை தாங்கும் பாரம் தடிமனின் வர்க்கத்துக்கு (தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும். 6 மி.மீ. பட்டை 8 கிலோ தாங்கியது என்றால், 5 மி.மீ. கணக்கில் அது ஐந்தரைக் கிலோதான்.

அடுத்தது காற்று. பட்டையின் கன அளவு 45 கன செ.மீ., அடர்த்தி 1.02. இடைவெளியே இல்லாதிருந்தால் இந்தக் கலவை 1.27 வரை வந்திருக்க வேண்டும். ஆக, ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம்! அதில் கொஞ்சம் நாருக்குள் இயல்பாகவே இருக்கும் துளைகள். மீதி ரெசின் போய்ச் சேராத இடங்கள். ஓரம் உப்பியதற்கு, நாரே தண்ணீரை உறிஞ்சும் என்பதோடு இந்த வழிகளும் காரணம்.

நார் வழுவழுவென்று உருவி வந்ததற்கு அதன் மேல் படிந்திருக்கும் எண்ணெயும் மெழுகும் காரணம். ஐந்து விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வழுவழுப்புப் போகும்வரை அலசுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, கரைசல் அதை அரித்துத் தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். நேரத்தையோ காரத்தையோ கூட்டினால் நாரே நைந்துபோகும். அலசியதை நம் ஊர் ஈரக்காற்றை நம்பி விட்டுவிடாமல், ஏறக்குறைய 80 பாகை சூட்டில் எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்தி, சூடு ஆறியதும் தாமதிக்காமல் ரெசினில் போடுங்கள்.

பட்டறைக்காரன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், ஐயா, மன்னிக்கவும். நாரை உலர்த்தப் பழைய ரொட்டி அடுப்பு ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. ரோலரை விட்டுவிட்டு, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் லோரி ஜாக்கியால் அழுத்தினேன். 5 மி.மீ. தடிமனில், 30 விழுக்காட்டுப் பட்டை 18 கிலோவில் ஒடிந்தது. உடைந்த வாயில் நார்கள் குட்டையாக, ரெசின் ஒட்டியபடி அறுந்திருக்கின்றன. 40இல் ரெசின் ஓரமாக வழிந்துபோய், நடுவில் காய்ந்த திட்டுகள் மறுபடியும் தெரிந்தன, அதைக் கைவிட்டுவிட்டேன். தட்டின் மூலைகள் மட்டும் இன்னும் சந்தேகமாக இருக்கின்றன.

கூடத்து ஊழியர்:

வளைவில் அதிக இழுவிசை விழுவது மேற்பரப்பில்தான். மூலைகளில் உள்ளும் புறமும் கண்ணாடிப் பாய் ஓரடுக்கு வையுங்கள், நார் நடுவில் இருக்கட்டும். அறுத்த ஓரங்களுக்கு ரெசின் பூசாமல் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம்.

பட்டறைக்காரன்:

அப்படியே செய்து, ஓரம் பூசிய தட்டு ஒன்றையும் பூசாத ஒன்றையும் எடை குறித்து, பட்டறைக் கூரையில் மழை படும்படி வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் இறக்கி எடை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.