கறுப்பு எழுத்தில் நீல விளிம்பு

கணினியில் அமைத்த கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போது நிறம் மாறிவிடும் சிக்கலில், நண்பர்கள் பலரும் படங்களின் நிறம் மங்கிப்போனதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிக்கல் வந்தது எழுத்தில்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக எங்கள் சமூக மன்றத்தில் 48 பக்கக் கவிதை நூல் ஒன்றைத் தயாரித்தோம். நான் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பக்கங்களை அமைத்து பிடிஎஃப் எடுத்தேன். அது எழுத்து, படம் எல்லாவற்றையும் ஆர்ஜிபி நிறத்திலேயே (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) தரும் என்பதால், பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளின் கட்டளை ஒன்றால் கோப்பு முழுவதையும் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறத்துக்கு மாற்றி, சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள ஓர் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

இயந்திரத்தில் ஓட்டிய முதல் தாளைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்த அண்ணன் உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்றார். 'ஞ' எழுத்தின் சுழியில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் மயிரிழை போல ஓடின. ஆர்ஜிபி கறுப்பை நிற புரொஃபைல் (ஒரு கருவியோ அச்சு முறையோ நிறங்களை எப்படிக் காட்டும் என்று விவரிக்கும் கோப்பு) வழியாக மாற்றும்போது, அது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் கலந்த கறுப்பாக மாறிவிட்டிருந்தது. 10 புள்ளி அளவு எழுத்துக்கு நான்கு பிளேட்டுகளும் (மைக்கு ஒன்றாக உள்ள அச்சுத் தகடுகள்) அணுவளவும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். தாள் சற்றே நகர்ந்தாலும் சுழியும் கொம்பும் நிறைந்த நம் எழுத்துதான் முதலில் அடிவாங்குகிறது. பிளேட்டுகளை மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. கவிஞர்களிடம் தாமதத்தைச் சொல்ல எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பிறகு நூல் முழுவதையும் ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்தேன். அதன் பழைய 1.4 பதிப்பில் தமிழின் கொம்புகள் இடம் மாறி விழும் என்பதால் பலர் அதைக் கைவிட்டிருப்பார்கள். 2024இல் வந்த 1.6 பதிப்பில் அந்தக் குறை இல்லை. அதில் இயல்பாக உள்ள கறுப்பு, கறுப்பு மை 100 விழுக்காடு மட்டுமே. நிற மேலாண்மையை முதலில் இயக்கினால்தான் அச்சுக்கென வகுத்த பிடிஎஃப்/எக்ஸ் வகைகளைத் தேர்ந்தெடுக்க முடியும். எந்த புரொஃபைல் என்பதை அச்சகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் ஃபோக்ரா39 என்ற புரொஃபைலைக் கேட்டார்கள், 3 மில்லிமீட்டர் பிளீடும் (வெட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிவிடும் பகுதி) கேட்டார்கள்.

அனுப்புவதற்கு முன் அச்சு முன்னோட்டத்தில் கறுப்பு மையை மட்டும் அணைத்துப் பார்த்தேன். எழுத்துகள் சுவடின்றி மறைந்தன. மனம் ஆறாமல், கோஸ்ட்ஸ்கிரிப்டின் 'இங்க்கவ்' வசதியையும் ஓட்டினேன். அது ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு மைகளின் பரப்பை எண்ணாகக் காட்டும். கவிதைப் பக்கங்களில் சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகியவற்றுக்கான முதல் மூன்று எண்களும் சுழியம் என்று வந்த பிறகே கோப்பை அனுப்பினேன்.

அட்டையில் இருந்த பளிச்சென்ற நீலத்தை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. திரையில் ஒளிரும் அந்த நீலத்தை நான்கு மைகளால் எட்ட முடியாது; ஆகவே ஓவியரிடம் பேசி, மையில் கிடைக்கக்கூடிய அடர்நீலத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம்.